கரகரப்பு, கீச்சு, அபஸ்வரம்: வயலின் கற்பவர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

சென்ற வாரம் ஓர் அம்மா தன் பையனை அழைத்துக்கொண்டு வந்தார். “டீச்சர், மூணு மாசமா இவனுக்குக் காந்தாரம் சேரவே மாட்டேங்குது. விரல் குட்டையா இருக்கோ என்னவோ” என்றார். வாசிக்கச் சொன்னேன். காந்தாரம் (ஸ ரி க-வில் வரும் ‘க’) இறங்கித்தான் நின்றது. ஆனால் விரலில் ஒரு குறையும் இல்லை. தரையில் உட்கார்ந்து வாசிக்கும்போது கணுக்காலில் ஊன்றியிருக்க வேண்டிய வயலினின் சுருள் தலை நழுவிக்கொண்டே இருந்தது. அது விழாமலிருக்க அவன் இடது கட்டைவிரலால் வயலினின் கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்தான். கட்டைவிரல் இறுகினால் நடுவிரல் எட்டாது. சுருளுக்கும் கணுக்காலுக்கும் நடுவே ஒரு பருத்தித் துண்டை மடித்து வைத்தோம். பத்து நிமிடத்தில் காந்தாரம் தன் இடத்துக்குப் போய்விட்டது.

வயலினில் இதுதான் தொல்லை. கெட்டது கேட்கிற இடம் ஒன்று, கோளாறு இருக்கிற இடம் இன்னொன்று. இடது கைப் பிழை என்று நினைத்தால் வில் காரணமாக இருக்கும். வில் பிழை என்று நினைத்தால் உட்கார்ந்திருக்கும் விதம் காரணமாக இருக்கும். அதனால் காதில் என்ன விழுகிறது என்பதை வைத்தே கீழே பிரித்திருக்கிறேன். உங்கள் அறிகுறியைத் தேடிப் பிடித்து, சொல்லியிருக்கும் வரிசையிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றிவிட்டால் எது கைகொடுத்தது என்று தெரியாது. அடுத்த வாரம் அதே கோளாறு திரும்ப வந்து நிற்கும்.

தரையில் உட்கார்ந்து வாசிக்கும் கர்நாடக முறையை வைத்தே எழுதுகிறேன். தந்திகள் கீழிருந்து மந்தர ஷட்ஜம், மந்தர பஞ்சமம், மத்ய ஷட்ஜம், மத்ய பஞ்சமம் (ஷட்ஜம் ‘ஸ’, பஞ்சமம் ‘ப’; மந்தரம் கீழ் ஸ்தாயி, மத்யம் நடு ஸ்தாயி). கடையில் கேட்டால் ஜி, டி, ஏ, இ என்பார்கள். கணக்குகள் எல்லாம் ஐந்து கட்டை சுருதிக்கு, அதாவது ஷட்ஜத்தை ஜி-யில் வைத்து.

வில் போட்டால் சத்தமே வரவில்லை

நானும் இதில் ஏமாந்தவள்தான். பத்து வயதில் அப்பா வாங்கித் தந்த வயலினை வீட்டுக்குக் கொண்டுவந்து வில் போட்டால், துருத்தி கிழிந்த ஹார்மோனியம் மாதிரி ‘ஹ்ஹ்’ என்று ஒரு காற்று. அழுதுகொண்டே கடைக்குத் திரும்பினேன். கடைக்காரர் மேசை டிராயரிலிருந்து மஞ்சளாக ஒரு கட்டியை எடுத்து, “இதைத் தேய்க்கலையாம்மா?” என்றார். விற்கும்போது சொல்லவுமில்லை, பெட்டியில் வைக்கவுமில்லை.

வில்லில் கட்டியிருப்பது குதிரை வால் முடி. வெறும் முடி தந்திமேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். பைன் மரப் பிசினிலிருந்து செய்யும் ரோசினைப் பூசினால்தான் தந்தியைக் கவ்வும். புதுக் கட்டி கண்ணாடி போல் வழவழவென்று இருந்தால் முடியில் ஒட்டாது. உப்புத்தாளால் அதன் மேல் நாலு கோடு கீறிவிட்டுத் தேயுங்கள். புது வில்லுக்கு அடியிலிருந்து நுனி வரை 30, 40 முறை தேய்க்க வேண்டியிருக்கும். அப்புறம் தினமும் நாலைந்து தேய்ப்பு போதும். வாசிக்கும்போது வெள்ளைத் தூள் புகையாகக் கிளம்பினால் அதிகம் போட்டுவிட்டீர்கள். இரண்டு நாள் தேய்க்காமல் வாசியுங்கள், சரியாகிவிடும்.

முடியைக் கையால் தொடாதீர்கள். குழந்தைகளிடம் இதைச் சொன்னால் உடனே தொட்டுப் பார்ப்பார்கள், அது வேறு கதை. கை எண்ணெய் பட்ட இடத்தில் ரோசின் பிடிக்காது. வில்லின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் சத்தம் விட்டுப் போகிறது என்றால், யாரோ அங்கே தொட்டிருக்கிறார்கள்.

சுருதி நிற்கவே மாட்டேன் என்கிறது

தந்தி புதிதா என்று முதலில் பாருங்கள். புதுத் தந்தி நாலைந்து நாள் இழுபட்டுக்கொண்டுதான் இருக்கும். அதில் கோளாறு ஒன்றும் இல்லை; பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பழைய தந்தி என்றால், தந்தியை முறுக்கும் பிரடையைப் பாருங்கள். அது மரம். ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். ஐப்பசி மழையில் இறுகிப்போய்த் திரும்ப மறுக்கும் பிரடை, ஏசி அறையில் ஒரு மணி நேரம் இருந்தால் சர்ரென்று கழன்றுவிடும். ஒரு முறை வெயிலில் ஆட்டோவில் போய் நேராக ஏசி அரங்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். வர்ணம் தொடங்கும் முன்பே மத்ய பஞ்சமம் தொய்ந்து விழுந்தது. அன்றிலிருந்து அரை மணி முன்னதாகப் போய், பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. வழுக்கும் பிரடையைக் கழற்றி, அது துளையில் உராயும் இடத்தில் பள்ளிக்கூடச் சாக்பீஸைத் தேயுங்கள். இறுகும் பிரடைக்கு உலர்ந்த சோப்போ பென்சில் கரியோ தடவினால் போதும். ஆனால் சாக்பீஸ் தேடுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: திருகும்போதே பிரடையை உள்நோக்கி அழுத்துகிறீர்களா? பாதி நேரம் கோளாறு அவ்வளவுதான்.

அடுத்து குதிரை, அதாவது பலகைமேல் நின்று தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு. ஒவ்வொரு முறை தந்தியை முறுக்கும்போதும் குதிரையின் உச்சி பிரடைப் பக்கம் கொஞ்சம் சாயும். பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பாருங்கள்; டெயில்பீஸ் (தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் துண்டு) பக்கத்து முகம் பலகைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் இரண்டு கையாலும் மெல்ல நிமிர்த்துங்கள்.

தந்தி மாற்றும்போது நாலையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். குதிரை விழும், அதைவிட மோசமாக, உள்ளே இருக்கும் சவுண்ட் போஸ்ட் விழும். அது பசை போட்டு ஒட்டிய குச்சி அல்ல. மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் நடுவே அழுத்தத்தில் மட்டும் நிற்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் அதை வயலினின் ஆன்மா என்றே அழைக்கிறார்கள். அதை மறுபடி நிறுத்துவது வீட்டில் செய்கிற வேலை இல்லை.

கட்டையையும் யோசியுங்கள். ஐந்து கட்டைக்கு ஜி, டி இரண்டும் அவற்றின் இயல்பான சுருதியில் நிற்கும். ஏ, இ மட்டும் ஒரு கட்டை இறங்கும். இதையே இரண்டு கட்டைக்கு இறக்கினால் நாலு தந்தியும் தளர்ந்துவிடும். அப்போது வில்லைக் கொஞ்சம் அழுத்தினாலும் ஸ்வரம் ஆடும். அதைச் சுருதி நிற்கவில்லை என்று நினைத்துப் பிரடையோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

கரகரப்பு அல்லது கீச்சு

இரண்டையும் ஒரே பிழை என்று நினைத்து ஒரே மருந்து கொடுப்பவர்கள் அதிகம். இவை எதிரெதிர் பிழைகள்.

முடி தந்தியைக் கவ்வி ஓரமாக இழுக்கிறது. தந்தி பிடி நழுவித் திரும்பிப் பாய்கிறது. முடி மறுபடி கவ்வுகிறது. ஐந்து கட்டையில் மத்ய ஷட்ஜத்தை வாசிக்கும்போது இது நொடிக்கு 392 முறை நடக்கிறது. ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே நுண்ணோக்கியில் இந்த ஆட்டத்தைப் பார்த்து எழுதிவிட்டார். வில்லின் வேகத்துக்கு அழுத்தம் அதிகமானால் தந்தியால் நேரத்துக்கு நழுவ முடியாது, அதுதான் கரகரப்பு. அழுத்தம் போதாவிட்டால் ஒரு சுற்றிலேயே இரண்டு மூன்று தடவை நழுவும். அதுதான் கீச்சு, சில சமயம் விசில்.

இப்போது சோதனை. இடது கையை மடியில் வையுங்கள். குதிரைக்கும் விரல் பலகையின் முடிவுக்கும் நட்ட நடுவில், மத்ய ஷட்ஜத் தந்தியில் முழு வில்லை நாலு எண்ணிக்கைக்கு இழுங்கள். வில்லின் எடை சுமார் 60 கிராம். முதலில் அந்த எடை மட்டும் தந்திமேல் இருக்கட்டும், நீங்கள் எதுவும் சேர்க்க வேண்டாம்.

கரகரக்கிறதா? அழுத்தத்தைத் தொடாதீர்கள். அதே வில்லை இரண்டு எண்ணிக்கையில் இழுத்துப் பாருங்கள். தெளிந்துவிட்டால், நீங்கள் அழுத்தவில்லை, மெதுவாகப் போனீர்கள். வேகம் கூட்டியும் தெளியவில்லை என்றால்தான் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். கீச்சிட்டால் எதிர்த்திசை: முதலில் வேகத்தைக் குறையுங்கள், பிறகு ஆள்காட்டி விரலால் கொஞ்சம் எடை கொடுங்கள்.

என் அனுபவத்தில் தொடக்க நிலையில் கீச்சுக்காரர்கள்தான் அதிகம். குழந்தை ஒரு நாள் ‘கர்ர்’ என்று ஒரு சத்தம் எழுப்பும். வீட்டில் யாராவது சிரிப்பார்கள். அதிலிருந்து வில் தந்தியைத் தொட்டும் தொடாமலும் மிதக்கத் தொடங்கும். நான் அவர்களை ஒரு வாரம் வேண்டுமென்றே கரகரக்கச் சொல்வேன். தந்தியை நன்றாகக் கவ்வி, வில்லை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தி, ‘கர்ர்’ என்று கத்த வைத்து, பிறகு அதிலிருந்து நல்ல நாதத்துக்குக் கொண்டுவர வேண்டும். இந்தப் பக்கத்திலிருந்து வருவது, மிதக்கும் வில்லை இறக்குவதைவிட எளிது.

கரகரப்பு வில்லின் அடியில் மட்டும், கீச்சு நுனியில் மட்டும் என்றால், கை முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி அழுத்துகிறது என்று பொருள். அடியில் கையின் எடை முழுக்கத் தந்திமேல் இருக்கும். சுண்டுவிரல் அதைத் தாங்கிக் குறைக்க வேண்டும். நுனியில் எடையே இருக்காது. ஆள்காட்டி விரல் கொடுக்க வேண்டும். மேல் பஞ்சமத்துக்குத் தாவும்போது மட்டும் கீச்சிட்டால் அது பெரும்பாலும் தந்தியின் குணம். இ தந்தி பொதுவாக வெறும் எஃகுக் கம்பி, மேலே சுற்று கிடையாது. லேசான தொடலுக்கே விசில் அடிக்கும். தாவி இறங்கும்போது வில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

“சத்தம் சின்னதா இருக்கு டீச்சர்” என்பதும் இதே குடும்பம்தான். மைக் இல்லாத காலத்தில் பின் வரிசை வரை கேட்க வேண்டும் என்று மைசூர் சௌடையா ஏழு தந்தி வயலினையே கொண்டுவந்தார். நமக்கு அவ்வளவு தேவையில்லை. வில்லைக் குதிரைப் பக்கம் அரை சென்டிமீட்டர் நகர்த்தி, கொஞ்சம் எடை கூட்டுங்கள்.

நன்றாகத் தொடங்கி, போகப் போக நாதம் மங்குகிறது

வில் விரல் பலகை பக்கம் சரிகிறது. மேல்நாட்டு முறையில் மோவாய்க்கு அடியில் வயலின் ஏறக்குறைய கிடையாக நிற்கும். நம் முறையில் மார்பிலிருந்து கணுக்காலுக்குச் சரிவாக இறங்குகிறது. சரிவில் வைத்த எதுவும் கீழேதான் போகும், வில்லும் அப்படித்தான். மேல்நாட்டு வீடியோ பார்த்துக் கற்பவர்கள் இதில் குழம்புவார்கள், அங்கே இதைப் பற்றி இந்த அளவுக்குப் பேச வேண்டியதே இல்லை.

யாரையாவது எதிரே உட்கார வைத்து, விரல் பலகையின் முடிவுக்கு நேராக, தந்திகளுக்குச் சற்று மேலே, ஒரு பென்சிலைக் குறுக்கே பிடிக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பத்து முழு வில் இழுங்கள். எத்தனையாவது வில்லில் பென்சிலில் தட்டுகிறது, அடியிலா நுனியிலா? நுனிக்குப் போகும்போது தட்டினால் தோளிலிருந்தே கையைப் பின்னால் இழுக்கிறீர்கள்; முழங்கை மடிப்பு விரிய வேண்டும், தோள் அமைதியாக இருக்க வேண்டும். பென்சில் பிடிக்க ஆள் இல்லாவிட்டால் போனைப் பக்கவாட்டில் நிறுத்திப் படம் எடுத்துப் பாருங்கள்.

இரண்டு தந்தி சேர்ந்து ஒலிக்கிறது

தந்திக்குத் தந்தி வலது முழங்கையின் உயரம் மாற வேண்டும். மணிக்கட்டை மட்டும் வளைத்துச் சமாளித்தால் இப்படித்தான் ஆகும். முழங்கை சரியாகவே மாறியும் நடுத் தந்திகளில் தொல்லை தீரவில்லை என்றால், குதிரையின் வளைவு தட்டையாக இருக்கும். மலிவு வயலின்களில் இது சகஜம். பழுது பார்ப்பவர் அரை மணியில் செதுக்கித் தருவார்.

காந்தாரம் சேரவில்லை

முதலில் கைக்கு எதிராக இருக்கும் கணக்கைப் பார்த்துவிடுவோம். முழு அளவு வயலினில் குதிரையிலிருந்து, பிரடைப் பெட்டிக்குக் கீழே தந்தி படிந்து செல்லும் சிறு மேடு வரை, தந்தியின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். அந்த மேட்டிலிருந்து அளந்தால் சுத்த ரிஷபம் ஏறக்குறைய 2 சென்டிமீட்டரில், அந்தர காந்தாரம் 6.6இல், சுத்த மத்யமம் 8.25இல், பஞ்சமம் 11இல். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை வாசிக்கும் பிள்ளை ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு நாலரை சென்டிமீட்டர் தாண்ட வேண்டும். காந்தாரத்திலிருந்து மத்யமத்துக்கு ஒன்றரைக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் இந்தப் பாடமுறை குரலுக்குப் பொன்னானது. இடது கைக்கு, உண்மையைச் சொன்னால், இதைவிடக் கடினமான தொடக்க ராகத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. அதை மாற்றச் சொல்லவில்லை; கஷ்டம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளையைத் திட்ட மாட்டோம்.

வரிசைப்படி ஸ, ரி, க என்று போனால் ரிஷப விரல் நடுவிரலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், காந்தாரம் இறங்கும். கையைப் பின்னாலிருந்து கட்டுங்கள். முதலில் மூன்றாம் விரலை மத்யமத்தில் வையுங்கள். இரண்டாம் விரலை அதை ஒட்டினாற்போல் காந்தாரத்தில் வையுங்கள். இந்த இரண்டையும் எடுக்காமல், ஆள்காட்டி விரலை மட்டும் பின்னால் நீட்டி ரிஷபத்தைத் தொடுங்கள். பிறகு ம, க, ரி, ஸ என்று இறங்குவரிசையில் வாசியுங்கள். ஒரு வாரம் இறங்குவரிசை மட்டும். ஏறுவரிசை கேட்காமலேயே சரியாகியிருக்கும்.

சரி, மத்யமமே சரியான இடத்தில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மந்தர பஞ்சமத் தந்தியில், இதே மூன்றாம் விரலின் இடத்தில் வருவது மத்ய ஷட்ஜம். பக்கத்துத் தந்தியின் வெற்று ஸ்வரமும் அதுவேதான். நகத்தில் பாதி அளவு காகிதத் துண்டைக் கூரை மாதிரி மடித்து, மத்ய ஷட்ஜத் தந்தியின் நடுவில் கவிழ்த்து உட்கார வையுங்கள். வில்லை மந்தர பஞ்சமத்தில் மட்டும் போட்டு, மூன்றாம் விரலால் ஷட்ஜத்தைப் பிடியுங்கள். விரல் சரியான இடத்தில் விழுந்தால் தொடாத தந்தி தானே அதிரும், காகிதம் துள்ளிக் கீழே விழும். இம்மி தள்ளினாலும் அசையாது. எங்கள் வகுப்பில் இதற்குப் பிள்ளைகள் போட்டி போடுவார்கள். விரல் பலகையில் ஸ்டிக்கர் ஒட்டிக் கற்பதைவிட இது எனக்குப் பிடிக்கும், காரணம் எளிது: கண் விரல் பலகையை விட்டுவிட்டுக் காகிதத்தைப் பார்க்கிறது, காது வேலை செய்யத் தொடங்குகிறது.

காந்தாரத்துக்கு இந்த உதவி இல்லை. அதற்குத் தம்புராதான். நல்ல தம்புராவின் மந்தர ஷட்ஜத் தந்தியில் அந்தர காந்தாரம் தானாகவே கேட்கும். உங்கள் காந்தாரம் அதில் கரைந்து காணாமல் போனால் சேர்ந்துவிட்டது. போனில் ட்யூனர் ஆப் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்த ஆப் பியானோவின் சம இடைவெளிக் கணக்கில் ஓடுகிறது. தம்புராவோடு இழைந்து நிற்கும் காந்தாரம் அதைவிட 14 சென்ட் குறைவு. ஒரு அரைக் கட்டையை நூறாகப் பிரித்தால் அதில் 14. அதனால் சரியாக வாசிக்கும் பிள்ளையைப் பார்த்து ஆப் “இறங்கிவிட்டது” என்று சிவப்பு விளக்குக் காட்டும். பிள்ளை அதை நம்பி ஏற்றிக் கெடுக்கும். பஞ்சமத்தில் வித்தியாசம் வெறும் 2 சென்ட். ஆப்பை ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா ஸ்வரமும் ஒரே சீராக இறங்குகிறது, போன மாதம்தான் முக்கால் அளவிலிருந்து முழு அளவுக்கு மாறினோம் என்றால், கை இன்னும் பழைய இடைவெளியை நினைவில் வைத்திருக்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் தானாகச் சரியாகும். எல்லா ஸ்வரமும் ஒரே சீராக ஏறுகிறது என்றால் பெரும்பாலும் குதிரையோ சுருதியோ நகர்ந்திருக்கும், விரலைத் தொடாதீர்கள்.

கமகம் நடுங்குகிறது, அல்லது சங்கு ஊதுகிறது

கமகம் என்பது ஸ்வரத்தை விரலால் அசைத்து வாசிப்பது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்த வாத்தியம் இது. நாம் உட்கார்ந்து வாசிக்கும் இந்த நிலையில் வயலினை மார்பும் வலது கணுக்காலும் மட்டும் தாங்குகின்றன. இடது கைக்குத் தாங்கும் வேலையே இல்லை. தந்தி நெடுக ஓடலாம். அந்தச் சுதந்திரத்தைக் கட்டைவிரலை இறுக்கி நாமே பறிகொடுக்கிறோம்.

சோதனை: இடது கட்டைவிரலைக் கழுத்திலிருந்து முழுக்க எடுத்துவிடுங்கள். வயலின் அசையாமல் நிற்கிறதா? நிற்காவிட்டால் கமகத்தை மறந்துவிட்டு உட்காரும் விதத்தைச் சரிசெய்யுங்கள். பட்டுப் பாவாடை, பட்டுப் புடவை, பளபளக்கும் குர்தா எல்லாம் வழுக்கும். ஆண்டு விழாவன்று மட்டும் வாசிப்பு கெடுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பயம் என்று நினைப்பார்கள், பல சமயம் பட்டுதான் காரணம். மார்பிலும் கணுக்காலிலும் பருத்தித் துணி வையுங்கள்.

வயலின் நிற்கிறது, கமகம் மட்டும் நடுங்குகிறது என்றால், அடுத்த சந்தேகம் வில். இடது கை ஆடும்போது வலது கையும் கூடவே ஆடும். தோடி ராகத்தின் காந்தாரத்தை ஒரே முழு வில்லில் பிடித்துப் பதிவு செய்து கேளுங்கள். சத்தம் கூடிக் குறைந்தால் வில் ஆடுகிறது. அப்படியானால் கமகம் இல்லாமல் ரிஷபத்திலிருந்து மத்யமத்துக்கு ஒரே வில்லில் மெதுவாக ஜாரு (விரலை எடுக்காமல் தந்திமேல் வழுக்கிப் போவது) இழுத்து, சத்தம் ஏறாமல் இறங்காமல் வரும்வரை பழகுங்கள். பிறகு அந்த ஜாருவையே சிறிது சிறிதாகச் சுருக்கினால் கமகம் கிடைக்கும். மேல்நாட்டு வைப்ரேட்டோவை வைத்துத் தோடியை ஒப்பேற்றப் பார்க்காதீர்கள். அது ஒரு ஸ்வரத்தின் மேலேயே நின்று அதிர்வது; தோடி காந்தாரம் இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே நடந்து போய்வருவது.

விரல் ஒட்டிக்கொண்டு ஓட மறுத்தால் சிலர் விரல் நுனியில் தேங்காய் எண்ணெய் ஒரு பொட்டு தொட்டுக்கொள்வார்கள். நானும் செய்வேன். ஒரு பொட்டு, இடது கையில் மட்டும். அந்தக் கையால் வில்லைத் தொட்டீர்கள் என்றால் இந்தக் கட்டுரையின் முதல் அறிகுறிக்குப் போய்விடுங்கள்.

கிருதி வாசிக்கும்போது சாகித்யம், அதாவது பாட்டின் சொற்கள், கேட்காமல் வெறும் ஸ்வரமாக ஒலித்தால், வில் மாறும் இடங்கள் தப்பு. லால்குடி ஜெயராமன் வாசித்ததில் ஒரு கீர்த்தனையை எடுத்து, பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அசைகளோடு வில் எப்படிப் போகிறது என்று கேட்டுக் குறித்துப் பாருங்கள். ஒரு மாலைப் பொழுதுக்குப் போதுமான வேலை.

முதல் காலம் சரி, மூன்றாம் காலம் உதிர்கிறது

காலம் என்றால் வேக நிலை. முதலில் ஒரு கணக்கு. முதல் காலத்தில் தட்டுக்கு ஒரு ஸ்வரம், மூன்றாம் காலத்தில் நாலு. நிமிடத்துக்கு 60 தட்டில் தொடங்கினால் மூன்றாம் காலத்தில் நிமிடத்துக்கு 240 ஸ்வரம். உங்களால் சுத்தமாக வாசிக்க முடிவது 160 என்றால், தட்டு 40 ஆக இருக்க வேண்டும். முடிவிலிருந்து தொடக்கத்தைக் கணக்கிடுங்கள். பலர் முதல் காலத்தை வசதியான வேகத்தில் எடுத்துவிட்டு, மூன்றாம் காலத்தில் தாளத்தையே மெதுவாக இழுப்பார்கள். தொடை தட்டும் கையும் அதற்கு உடந்தை. மெட்ரோனோம் உடந்தையாகாது. 40இல் வாசித்தால் இன்னொன்றும் தெரியவரும்: கடினமானது முதல் காலம்தான். ஒரு ஸ்வரம் ஒன்றரை நொடி நிற்க வேண்டும், அதுவரை வில் ஆடக்கூடாது.

பிறகு, எந்தக் கை உதிர்கிறது என்று பிரித்துப் பாருங்கள். எல்லா வேகக் கோளாறுக்கும் நான் முதலில் செய்வது இதுதான். இடது கையை எடுத்துவிட்டு வெற்றுத் தந்தியில் வில் மட்டும்: ஸ ரி க ம வரும் இடத்தில் ‘ஸ ஸ ஸ ஸ’, ப த நி ஸ வரும் இடத்தில் ‘ப ப ப ப’, அதே வேகம். இங்கேயே தடுமாறினால் விரலைக் குறை சொல்லாதீர்கள். தந்தி தாவும் இடத்தில் முழங்கை தாமதிக்கிறது. வெற்றுத் தந்தியில் சுத்தமாக வந்தால், வில்லைக் கீழே வைத்துவிட்டு, வாயால் பாடிக்கொண்டே விரல் மட்டும் போடுங்கள். இரண்டும் தனித்தனியே சரியாக இருந்து, சேரும்போது மட்டும் உதிர்ந்தால், விரல் வில்லுக்குப் பின்னால் வருகிறது. விரல் ஒரு நூலிழை முன்னால் விழ வேண்டும்.

வில் நீளத்தையும் பாருங்கள். முடி சுமார் 65 சென்டிமீட்டர். முதல் காலத்தில் முழுவதும் வேண்டும். மூன்றாம் காலத்துக்கு நடு வில்லில் 6, 7 சென்டிமீட்டர் போதும். வில் நீளத்தைக் குறைக்க மறந்தவர்கள்தான் வேகத்தில் மூச்சு வாங்குவார்கள்.

தினமும் சாதகம் செய்கிறேன், முன்னேற்றம் இல்லை

எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில் வரும்: முதல் சரளியிலிருந்து தொடங்கி வாசித்துக்கொண்டே போவேன். பதினாலு சரளி வரிசையில் முதல் மூன்று பளபளக்கும். பத்தாவதுக்கு வரும்போது நேரம் முடிந்திருக்கும். இன்றைக்கு எது வரவில்லையோ அதில் தொடங்குங்கள். வர்ணம் என்றால் கடைசியில் வரும் சிட்டஸ்வரத்திலிருந்து தொடங்கி, முதலில் வரும் பல்லவிக்கு வாருங்கள்.

தப்பு வந்ததும் நிறுத்தி, வரியின் தலைக்குப் போய்த் திரும்ப வருவது இன்னொரு பழக்கம். அதில் தப்பு வரும் இடத்தை விட்டு மற்ற எல்லாவற்றையும் பத்து முறை பழகுகிறோம். தடுக்கும் இடம் பெரும்பாலும் இரண்டு ஸ்வரத்துக்கு நடுவே இருக்கும். ‘ம ப’ தடுக்கினால் ‘ம ப’ மட்டும். பிறகு ‘க ம ப’. பிறகு ‘க ம ப த’. ஒரு தீக்குச்சிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சரியாக வந்தால் ஒரு குச்சி வலது பக்கம், தப்பினால் எல்லாக் குச்சியும் திரும்பப் பெட்டிக்குள். ஐந்து குச்சி தொடர்ந்து சேர்ந்தால் அந்த இடம் அன்றைக்கு முடிந்தது. பெரியவர்களுக்கு இது சின்னப்பிள்ளைத்தனமாகத் தோன்றும். ஐந்தைச் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்தைவிட தினமும் இருபது நிமிடம் மேல். ஐந்து நிமிடம் வெற்றுத் தந்தியில் தம்புராவோடு நீண்ட வில், பத்து நிமிடம் தடுக்கும் இடம், ஐந்து நிமிடம் பிடித்த பாட்டு. கடைசி ஐந்தைப் பல ஆசிரியர்கள் நேர விரயம் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மறுநாள் பெட்டியைத் திறக்க வைப்பது அதுதான். வயலின் பெட்டிக்குள் பூட்டி அலமாரி மேல் இருந்தால் இருபது நிமிடமும் நடக்காது. பூனையும் தம்பியும் எட்டாத இடமாகப் பார்த்து, கைக்கு எட்டும்படி வையுங்கள். வெயில் படக்கூடாது.

வாரத்துக்கு ஒரு முறை போனில் பதிவு செய்யுங்கள். உடனே கேட்காதீர்கள், மறுநாள் கேளுங்கள். வாசித்த சூட்டில் கேட்டால் நாம் நினைத்ததுதான் கேட்கும்.

வலி

விரல் நுனி எரிவது முதல் சில வாரங்களுக்கு இயல்பு. கால் மரத்துப்போனால் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நடங்கள். மணிக்கட்டில் குத்தல், விரலில் மதமதப்பு, மறுநாள் காலையிலும் நீடிக்கும் வலி என்றால் வாத்தியாரிடம் அல்ல, மருத்துவரிடம் போங்கள். “சாதகம் பண்ணப் பண்ணச் சரியாயிடும்” என்ற பேச்சை இங்கே கேட்காதீர்கள்.

பக்கத்து வீட்டில் புகார்

இதுவும் ஓர் அறிகுறிதான். குதிரைமேல் செருகும் ரப்பர் மியூட் கடையில் கிடைக்கும். சத்தம் நன்றாகக் குறையும். விரல் வேலை, வேகம் எல்லாவற்றையும் அதைப் போட்டுப் பழகலாம். நீண்ட வில் சாதகத்தை மட்டும் மியூட் இல்லாமல் செய்யுங்கள், ஏனென்றால் கரகரப்பும் கீச்சும் மியூட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அந்த ஐந்து நிமிடத்துக்கு மாலை ஆறு மணி நல்ல நேரம். எங்கள் மாடியில் குக்கர் விசிலும் டிவி சீரியலும் ஒன்றாகத் தொடங்குவது அப்போதுதான்.